இ-சைக்கிள் இழுக்கலைன்னா பார்ட் மாத்துறதா, மீட்டர் வெச்சுப் பாக்குறதா?

ரெண்டையும் செஞ்சு பாத்துட்டேன், அந்த உரிமையில சொல்றேன். வண்டி 36 வோல்ட், 250 வாட், பின்சக்கரத்து நடுவுலயே உக்கார்ற, கியர் வெச்ச ஹப் மோட்டார். லைசன்ஸும் நம்பர் பிளேட்டும் வேண்டாத வகைங்க. சமதரையில ஜம்முனு போகும், கோவை காந்திபுரம் மேம்பாலத்துல ஏறுனா பாதியில விக்கி விக்கி நின்னுரும், டிஸ்ப்ளே மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எரிஞ்சுட்டு இருக்கும்.

கடையில கன்ட்ரோலர் (பேட்டரி கரன்ட்ட மோட்டாருக்கு அளந்து விடுற பெட்டி) போயிருச்சுன்னாங்க, மாத்தியாச்சு. அதே மேம்பாலம், அதே விக்கல். அடுத்து அப்படின்னா பேட்டரிதான்னாங்க, அந்த விலையக் கேட்டதும்தான் எனக்கு வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் ஞாபகமே வந்துச்சு.

பார்ட் மாத்திப் பாக்குறது மட்டமான வழின்னு சொல்ல மாட்டேன். கையில நல்லா ஓடுற ஸ்பேர் இருக்குற கடைக்காரருக்கு அது அஞ்சு நிமிஷ வேலை. சூடேறுனா மட்டும் மக்கர் பண்ற ஹால் சென்சார் (மோட்டார் எந்த நிலையில நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குச் சொல்றது) மாதிரி கேஸெல்லாம் மேசை மேல மீட்டர்ல சிக்கவே சிக்காது, அங்க மாத்திப் பாத்தாதான் தெரியும். வாரன்டி இருந்தா யோசிக்கவே வேண்டாம், சீல உடைக்காம கொண்டு போய் குடுத்துருங்க. ஆனா ஸ்பேர் நம்ம காசுல வாங்கித்தான் சோதிக்கணும்னா அது சோதனை இல்ல, சீட்டாட்டம்.

மீட்டர் சில நூறு ரூபாதான், மஞ்சக் கலர்ல விக்கிற சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். திராட்டில் (வேகத்துக்குத் திருகுற பிடி) சிக்னல் வயர்ல, பிடிய விட்டிருக்கும்போது 0.8 வோல்ட் பக்கம், முழுசா திருகுனா 4 வோல்ட் பக்கம் வந்தா திராட்டில் நல்லாருக்கு. ஹால் வயர் மூணும் சக்கரத்த மெதுவா சுத்தச் சுத்த 0க்கும் 5க்கும் மாறி மாறி வரணும், ஆனா கியர் ஹப்புல முன்பக்கம் சுத்துனா உள்ள கிளச் வழுக்கி மோட்டார் சுத்தாது, பின்பக்கமா சுத்துங்க, நான் இது தெரியாம மூணு ஹாலும் அவுட்டுன்னு ஒரு ராத்திரி பூரா கவலைப்பட்டேன். அதே மாதிரி பின்பக்கம் சுத்தும்போது கடக் கடக்னு இறுகுதுன்னா மோட்டார் வயர் மூணையும் கன்ட்ரோலர்ல இருந்து கழட்டிட்டு சுத்துங்க, லேசாயிட்டா கன்ட்ரோலர்ல மாஸ்ஃபெட் (மோட்டார் கரன்ட்ட ஆன், ஆஃப் பண்ற பாகம்) ஷார்ட், அப்பவும் இறுகுனா மோட்டார் பக்கம்.

இதுவரைக்கும் எல்லாம் எனக்கு பாஸ்தான். பேட்டரியும் 40.8 வோல்ட் காட்டுச்சு. ஃபுல் சார்ஜே 42 தான், அப்ப நல்லாத்தான இருக்குன்னு தோணும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சும்மா நிக்கிற வண்டியில அளக்குற வோல்ட்டுக்கு பெருசா அர்த்தம் கிடையாது, மேடு ஏறி 15 ஆம்ப் இழுக்கும்போது எவ்வளவுன்னு பாக்கணும். ஸ்டாண்ட்ல தூக்கி வெச்சு பிரேக்க அமுக்கி லோடு குடுக்கலாம்னு நெனச்சேன், பிரேக் லிவர்ல இருக்குற கட்டாஃப் சுவிட்ச் மோட்டாரையே நிறுத்திருச்சு. கடைசியில மீட்டர ஹேண்டில்பார்ல டேப் போட்டு ஒட்டி, நீளமா வயர் இழுத்து (முனையெல்லாம் டேப் சுத்துங்க, ஷார்ட் ஆனா பொறி பறக்கும்) அதே மேம்பாலத்துக்கே போனேன்.

அளந்தது ரெண்டு இடம். முதல் ஏத்தத்துல கன்ட்ரோலருக்குள்ள போற வயர், 40ல இருந்து மளமளன்னு 32க்கு எறங்குச்சு, இன்னும் கொஞ்சம் கீழ போனதும் மோட்டார் கட். கன்ட்ரோலர் லோ வோல்டேஜ்னு நெனச்சு தானே நிறுத்திக்குது. இதோட நிறுத்தியிருந்தா நானும் பேட்டரிக்குத்தான் காசு எண்ணிக் குடுத்திருப்பேன். இன்னொரு தடவ பேட்டரியோட சார்ஜ் போர்ட்ல மீட்டர் வெச்சு ஏறுனேன், மேடு பூரா 38க்கு கீழ எறங்கவே இல்ல! அப்ப நடுவுல 6 வோல்ட்ட யாரு திங்குறா? 15 ஆம்ப்ல 6 வோல்ட்னா 90 வாட், மூணு சோல்டரிங் அயர்ன ஒரே எடத்துல வெச்ச மாதிரி சூடு. பேட்டரி உக்கார்ற தொட்டிலப் பிரிச்சுப் பாத்தா கனெக்டர் பின் ஒண்ணு கருகி பிளாஸ்டிக்கே உருகியிருந்துச்சு.

சில பேக்ல சார்ஜ் போர்ட்டுக்கு தனியா டையோடு (கரன்ட்ட ஒரு பக்கம் மட்டும் விடுறது) இருக்கும், அப்ப அங்க அளவு சரியா வராது, வண்டிக்கு கரன்ட் போற டிஸ்சார்ஜ் முனையிலேயே எடுக்கணும். கட் ஆகுற நேரத்துல டிஸ்சார்ஜ் முனையே செத்துப்போச்சுன்னா அது பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு போர்டு) கட் பண்றது, உள்ள ஏதோ ஒரு செல் வரிசை வீக்கா இருக்கலாம், அப்ப பேட்டரி ஆளுகிட்டத்தான் போகணும். நான் பேட்டரி பேக்கப் பிரிச்சதில்ல, பிரிக்கவும் மாட்டேன். மிட் டிரைவ் (பெடல் பக்கம் மோட்டார் இருக்குற) வண்டியும் ஓட்டுனதில்ல, அதனால இதெல்லாம் ஹப் மோட்டார் கணக்குதான்.

கருகுன கனெக்டர வெட்டிட்டு எக்ஸ்டி60ங்குற வேற வகை கனெக்டர் ஒண்ணு சோல்டர் பண்ணுனேன். இப்ப மேம்பாலத்துல ரெண்டு எடத்துக்கும் வித்தியாசம் அரை வோல்ட் கூட வரல. கழட்டுன பழைய கன்ட்ரோலர் பரண்ல கெடக்கு, போன வாரம் மாட்டிப் பாத்தேன், அதுவும் நல்லாத்தான் ஓடுது.