பனானா க்ரீம் பை: மைதா க்ரஸ்ட்டா, பிஸ்கட் தூள் க்ரஸ்ட்டா?

அமெரிக்க வீடுகளிலும் சாலையோர டைனர்களிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டுவரும் பனானா க்ரீம் பை என்னும் இனிப்புப் பலகாரத்தில், வாழைப்பழமும் கஸ்டர்டும் மேலே இடும் க்ரீமும் ஏறத்தாழ எல்லாச் செய்முறைகளிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வழிகள் பிரிவது அடியில் இருக்கும் க்ரஸ்ட்டில்தான். மைதாவில் குளிர்ந்த வெண்ணெயைப் பிசிறி, தேய்த்து, தட்டில் விரித்து, உள்ளே எதையும் ஊற்றாமல் வெறுமனே சுட்டெடுப்பது ஒரு முறை. கிரஹாம் க்ராக்கர் என்னும் கோதுமை பிஸ்கட்டைப் பொடித்து, சர்க்கரையும் உருக்கிய வெண்ணெயும் கலந்து தட்டில் அழுத்தி எடுப்பது மற்றொரு முறை. இரண்டையும் வீட்டில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு மைதா க்ரஸ்ட்டையே என் வழக்கமாக்கிக்கொண்டேன். அதற்கான காரணங்களை, பிஸ்கட் க்ரஸ்ட்டுக்குரிய நியாயங்களையும் மறைக்காமல், இங்கே எழுதுகிறேன்.

எளிமையில் பிஸ்கட் க்ரஸ்ட்டை மிஞ்ச முடியாது. 9 அங்குலத் தட்டுக்கு ஒன்றரைக் கப் பிஸ்கட் தூள், 50 கிராம் சர்க்கரை, 85 கிராம் உருக்கிய வெண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அழுத்தி, 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சுட்டால் வேலை முடிந்தது. அதே தட்டுக்கு மைதா க்ரஸ்ட் செய்ய 160 கிராம் மைதாவும், 115 கிராம் வெண்ணெயும், அரைத் தேக்கரண்டி உப்பும், மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீரும் போதும் என்றாலும், குளிரவைப்பது, தேய்ப்பது, மறுபடியும் குளிரவைப்பது, சுடுவது என்று அரை நாள் போய்விடும். செலவில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை.

சுவையில் என் சாய்வு தெளிவானது. கிரஹாம் க்ராக்கருக்குத் தன் பெயரைத் தந்த சில்வெஸ்டர் கிரஹாம், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளை மாவைக் கண்டித்துத் தவிடு நீக்காத கோதுமையை வலியுறுத்திய சமயப் போதகர். இன்று கடையில் கிடைக்கும் பிஸ்கட்டோ நல்ல இனிப்பு. தேன் சேர்த்த வகைகளும் உண்டு. கஸ்டர்ட், பழம், க்ரீம் ஆகிய மூன்றுமே இனிக்கும் ஒரு பைக்கு நான்காவதாக இன்னோர் இனிப்பைச் சேர்ப்பதைவிட, உப்பும் வெண்ணெய் வாசமும் உள்ள, இனிப்பற்ற மைதா க்ரஸ்ட்டை அடியில் வைத்தால் பழத்தின் மணம் தனித்துத் தெரிகிறது. இதற்கு எதிர்த்தரப்பிலும் வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்கச் சமையல் கலைஞர் எமரில் லகாஸி 1990இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய உணவகத்தின் பெயர்பெற்ற பனானா க்ரீம் பை, கிரஹாம் தூளில் மசித்த வாழைப்பழத்தையும் சேர்த்துச் செய்யும் க்ரஸ்ட்டைக் கொண்டது; அந்தப் பையைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது. மறுபுறம், வாழைப்பழத்தோடு டாஃபியும் சேரும், இதன் உறவான பனோஃபி பை 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜெவிங்டன் கிராமத்தில் முதன்முதலாகச் செய்யப்பட்டபோது சுட்ட மாவு க்ரஸ்ட்டின் மீதே அமைந்திருந்தது என்பதையும், பிஸ்கட் தூள் பின்னால்தான் அதில் புகுந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது அவரவர் நாக்கின் விருப்பம் என்று விட்டுவிடவே நான் தயார்.

என்னளவில் இந்தக் கேள்விக்கு விடை சொன்னது மறுநாள் வெட்டும் துண்டு. செய்த கையோடு உண்ணக்கூடிய பலகாரமன்று இது. கஸ்டர்ட் இறுகக் குறைந்தது 4 மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். விருந்துக்குச் செய்பவர்கள் பெரும்பாலும் முந்தின நாள் இரவே செய்துவைத்துவிடுவார்கள். ஆகவே அவன் (oven) அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் க்ரஸ்ட் எவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஓர் இரவு முழுவதும் ஈரக் கஸ்டர்டின் அடியில் கிடந்த பிறகு, கத்தி இறங்கும்போது அது எப்படி இருக்கிறது என்று பார்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

கஸ்டர்டின் பெரும்பகுதி பாலில் உள்ள நீர். நன்கு சுட்ட க்ரஸ்ட்டில் இருப்பதோ மிகக் குறைந்த நீர். இரண்டும் ஒட்டிக் கிடக்கும்வரை ஈரம் மேலிருந்து கீழே நகர்ந்துகொண்டே இருக்கும். எந்த க்ரஸ்ட்டாலும் அதை அடியோடு நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். மைதாவைத் தேய்க்கும்போது அதிலுள்ள க்ளூட்டன் என்னும் புரதத்தின் வலைக்குள் வெண்ணெய்த் துணுக்குகள் தட்டையாகப் படிகின்றன. சூட்டில் அந்த மாவு அடுக்கடுக்கான, ஆனால் இடைவெளி விடாத ஒரே தகடாக இறுகிவிடுகிறது. பிஸ்கட் தூளில் அத்தகைய தொடர்ச்சி கிடையாது. தனித்தனித் துகள்களை உறைந்த வெண்ணெயும் சர்க்கரையும் பிடித்துவைத்திருக்க, துகள்களின் இடுக்குகள் வழியே ஈரம் எளிதாக இறங்குகிறது. சர்க்கரை அந்த ஈரத்தில் கரையும்போது பிடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. காலையில் வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி ஈர மணலைப் போல இளகியிருக்கும். துண்டைத் தூக்கும்போது அதன் முனை தட்டிலேயே தங்கிவிடும்.

இதனினும் முக்கியமாக நான் கருதும் காரணம் ஒன்று உண்டு. கார்ன்ஃப்ளார் சேர்த்த கஸ்டர்ட் சூடாக இருக்கும்வரை ஊற்றும் பதத்தில் இருந்து, ஆறும்போதுதான் ஜெல்லாக இறுகுகிறது. இறுகிய பிறகு அதைக் கிளறினால் அந்தப் பிணைப்பு உடைந்து, பழையபடி முழுமையாகக் கூடுவதில்லை. எனவே அடுப்பிலிருந்து இறக்கிச் சிறிது நேரத்திலேயே, சூடு அடங்குமுன், க்ரஸ்ட்டுக்குள் ஊற்றி அசைக்காமல் அங்கேயே இறுக விடுவதுதான் துண்டு நிமிர்ந்து நிற்பதற்கான வழி. சுட்ட மைதா க்ரஸ்ட் அந்தச் சூட்டை எளிதில் தாங்கும். பிஸ்கட் க்ரஸ்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் வெண்ணெயோ 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடக்கூடியது. சூடான கஸ்டர்டை ஊற்றினால் பிடிப்பு தளர்ந்து, சில துகள்கள் கஸ்டர்டோடு எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கு அஞ்சி, கஸ்டர்டை ஆறவைத்து, கட்டியில்லாமல் கிளறி, கரண்டியால் அள்ளி வைக்க நேர்கிறது. அப்படிச் செய்யும்போது பைக்குள் போவது ஏற்கெனவே உடைந்த கஸ்டர்ட். பிஸ்கட் க்ரஸ்ட்டைச் சுட்டு, முழுமையாக ஆறவைத்து, கஸ்டர்டை வெதுவெதுப்பான பதத்தில் ஊற்றினால் இந்தக் குறை வெகுவாகக் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறையுமே தவிர, மைதா க்ரஸ்ட்டின் உறுதி அதற்கு வந்ததில்லை.

ஆனால் இந்த உறுதி, முழுமையாகச் சுட்ட மைதா க்ரஸ்ட்டுக்கு மட்டுமே உரியது. பாதி வெந்து வெளிறிய மைதா, ஈரம் பட்டதும் தோல்போல இழுபடும் பசையாகிவிடும். அந்த நிலையில் பிஸ்கட் க்ரஸ்ட்டே நூறு மடங்கு மேல். விரித்த மாவைத் தட்டோடு சேர்த்து அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, மேலே பட்டர் பேப்பரை விரித்து, ஓரம்வரை ராஜ்மாவையோ பச்சரிசியையோ நிரப்பி, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட வேண்டும். அந்தப் பாரம் இல்லாவிட்டால் ஓரங்கள் சரிந்து, அடிப்பகுதி உப்பிவிடும். பிறகு பாரத்தை எடுத்துவிட்டு, அடிப்பகுதி வெளிர் மஞ்சளைத் தாண்டி நல்ல பழுப்பு நிறத்துக்கு வரும்வரை, ஏறத்தாழ இன்னும் 15 நிமிடம் சுட வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பொறுமை தேவைப்படுகிறது. ஓரம் சிவந்துவிட்டதைக் கண்டு வெளியே எடுத்துவிடத் தோன்றும். அடி அப்போதும் வெளிறித்தான் இருக்கும். ஓரம் கருகுவதுபோலத் தோன்றினால் அதை மட்டும் அலுமினியத் தாளால் மூடிவிட்டு, அடி சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்காகவே நான் கண்ணாடித் தட்டை விரும்புகிறேன். கையுறையோடு தூக்கி அடியைப் பார்த்தால், எந்த இடம் சிவந்திருக்கிறது, எந்த இடம் இன்னும் வெண்ணெய் வழிந்து ஈரமாகப் பளபளக்கிறது என்று அப்படியே தெரியும். ஃப்ரீசரில் உறைந்த கண்ணாடித் தட்டை நேரே சூடான அவனுக்குள் வைத்தால் வெடித்துவிடக்கூடும் என்பதால், கண்ணாடித் தட்டில் குளிரவைப்பதை ஃபிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சுட்டு முடியும் நேரத்தில் அடித்த முட்டை வெள்ளைக்கருவை உள்புறம் மெல்லத் தடவி மேலும் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால், அது இறுகி ஈரத்துக்கு இன்னொரு தடையாகிறது. உருக்கிய சாக்லேட்டைத் தடவுவதும் இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். ஆனால் பையின் சுவை அதன் பக்கம் சாய்ந்துவிடுவதால் நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

கஸ்டர்ட் நீர்த்துப்போனால் பழி க்ரஸ்ட்டின் மேல் விழும் என்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 700 மில்லி பால், 4 மஞ்சள் கரு, 135 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு என்பது என் அளவு. இறக்கிய பின் 30 கிராம் வெண்ணெயும் வனிலாவும் சேர்ப்பேன். மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. கஸ்டர்ட் கெட்டியானதுமே இறக்கிவிட்டால் அந்த நொதி எஞ்சியிருந்து, இரவெல்லாம் தன் வேலையைச் செய்து, காலையில் கஸ்டர்டை நீர்க்க வைத்துவிடும். ஆகவே முட்டை திரிந்துவிடுமோ என்று அஞ்சாமல், அடிப்பிடிக்காதபடி கிளறிக்கொண்டே, கனமான குமிழிகள் ஒவ்வொன்றாக எழுந்து உடையும் நிலைக்கு வந்த பிறகும் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். கார்ன்ஃப்ளார் கூட இருப்பதால் முட்டை அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்.

வாழைப்பழம் பற்றிய விதி இரு க்ரஸ்ட்டுக்கும் பொது. மஞ்சளாகி, தோலில் சில புள்ளிகள் மட்டும் விழுந்த பழத்தை அரை சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலான கனத்தில் வெட்டி, கஸ்டர்டுக்கு நடுவே முழுமையாக மூழ்கும்படி வைத்தால், காற்று படாததால் பெரிதாகக் கறுக்காது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது கேவண்டிஷ் வகை. தமிழ்நாட்டில் மோரிஸ் என்றும் ரொபஸ்டா என்றும் விற்பவை அதே இனத்தைச் சேர்ந்தவை. ரஸ்தாளியின் மணம் இதற்குப் பொருந்தும் என்று தோன்றினாலும், அதை வைத்து நான் செய்ததில்லை.

பிஸ்கட் க்ரஸ்ட்டை நானே பரிந்துரைக்கும் இடங்களும் உண்டு. செய்த அன்றே பரிமாறி முடிக்கப்போகும் பைக்கு மேலே சொன்ன ஈரச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை. கோடையில் சமையலறை 30 டிகிரியைத் தாண்டும்போது, தேய்க்கும் கட்டையின் அடியிலேயே வெண்ணெய் உருகி மாவோடு கலந்து, அடுக்குகள் உருவாகாமலே போய்விடும். அத்தகைய வீட்டில் காலை நேரத்தில் மாவைத் தேய்த்து வைக்க முடியாதவர்கள் பிஸ்கட் தூளை எடுப்பதே நல்லது. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு செய்யும்போதும் அதுவே வசதி. கிரஹாம் க்ராக்கர் கிடைக்காத ஊரில் டைஜஸ்டிவ் பிஸ்கட் நன்றாகவே ஈடுகொடுக்கிறது. மேரி பிஸ்கட்டில் என் அனுபவம் குறைவு. டைஜஸ்டிவைவிட வெண்ணெயைச் சற்றுக் கூடுதலாகக் கேட்டது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். க்ளூட்டன் இல்லாத மாவு வகைகளில் தேய்த்துச் செய்யும் க்ரஸ்ட்டை நான் முயன்றதில்லை; நான் மேலே சொன்ன தொடர்ச்சியான தகடு அதில் அமையும் என்று எதிர்பார்க்கவும் இயலாது.

எந்த க்ரஸ்ட்டாக இருந்தாலும் க்ரீமை அடித்து மேலே இடுவதைப் பரிமாறும் நேரத்துக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது; அதுவரை கஸ்டர்டின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடினால் ஏடு படியாது. வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் மைதா க்ரஸ்ட் பை இரண்டாம் நாள் மாலைவரை கத்திக்கு எதிர்ப்புக் காட்டும். மூன்றாம் நாள் உண்ணலாம் என்றாலும் அடி இளகிவிடும். ஃப்ரீசர் இரண்டுக்குமே ஆகாது, ஏனெனில் உறைந்து உருகும்போது கார்ன்ஃப்ளார் ஜெல் நீரை விட்டுவிடுகிறது. முன்கூட்டியே வேலையை முடித்துவைக்க விரும்புபவர்கள் தேய்த்த மைதா மாவை மட்டும், மெல்லிய அலுமினியத் தட்டில் விரித்து, சுடாமல் ஃப்ரீசரில் வைக்கலாம். அதை அப்படியே அவனுக்கு மாற்றி, சுடும் நேரத்தைச் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டால் போதும்.