பிள்ளைகளுக்கான வண்டி வேக வகுப்பு: வீடியோ சுமார், செருப்புப் பாடம் பிரமாதம்

செங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூல் (குறையும் சொல்லப் போவதால் பேரைப் போடவில்லை) பதினைந்திலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிறார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு இல்லை, வேகமாகப் போனால் வண்டி என்ன செய்யும் என்று காட்டுகிற வகுப்பு. தலைக்கு 500 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் உண்டு. பதினாறு வயது மகனையும் அக்கா மகளையும் சேர்த்துவிட்டேன். காரணம், கேரள எல்லை மலைப்பாதையில் இருக்கிற புளியரை எஸ் வளைவு. ஆரியங்காவிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும்போது, மேலே ஏறுகிற ஒரு லாரியை அந்த வளைவிலேயே ஒரு ஸ்கூட்டர் முந்தி எங்கள் பஸ்ஸுக்கு நேரே வந்தது. மூன்று பேர், ஒருத்தனுக்கும் ஹெல்மெட் இல்லை, நடுவில் உட்கார்ந்திருந்தவன் என் வீட்டுப் பிள்ளை.

முதலில் குறை. எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்பதுக்குத்தான் ஷட்டரையே தூக்கினார்கள். அப்புறம் முக்கால் மணி நேரம் விபத்து வீடியோ. மலையாளத்தில் இருந்தது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புரியும், பிரச்சினை மொழி இல்லை. ரத்தம், அழுகை, பின்னணியில் வயலின். அக்கா மகள் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள், பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துச் சிரித்தார்கள். போனில் தினமும் பார்க்கிறதுதானே. இதைக் காட்டித் திருத்திவிடலாம் என்று யார் சொன்னார்களோ. இன்னொன்று, இவ்வளவு பேசுகிற ஸ்கூலின் சொந்த ஸ்கூட்டருக்கு இடது பக்கக் கண்ணாடி இல்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.

பத்து மணிக்கு மேல் மைதானத்துக்குக் கூட்டிப்போனார் ஒரு அண்ணாச்சி. கொல்லம் ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், குரலே ஏர் ஹாரன் மாதிரி. சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்கு வந்ததும் பிரேக் பிடிப்பேன், எங்கே நிற்கும்னு அவனவன் செருப்பைக் கழற்றி வைங்கலே" என்றார். முதலில் 20 கிலோமீட்டர் வேகம். மூன்று மீட்டர் சுமாருக்கு நின்றது, கிட்டத்தட்ட எல்லோரும் சரியாக வைத்திருந்தார்கள். அடுத்து 40. பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், இரண்டு மடங்கு வேகம், இரண்டு மடங்கு தூரம், ஆறு மீட்டரில் வரிசையாகச் செருப்புகள். வண்டி அத்தனை செருப்பின் மேலும் ஏறி, இன்னும் ஆறு மீட்டர் போய் நின்றது. என் மகனின் ஒரு செருப்பு வார் அறுந்து போனது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் சத்தமே இல்லை.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். பிரேக் பிடிக்கணும் என்று மூளைக்கு எட்டி விரல் மடங்கவே ஒரு வினாடி ஆகும், அந்த ஒரு வினாடிக்குள் 40-ல் 11 மீட்டரும் 60-ல் 17 மீட்டரும் வண்டி பாட்டுக்கு ஓடியிருக்கும், அது தனிக்கணக்கு, குற்றால சாரல் நேரத்து ஈர ரோடு என்றால் இன்னும் கூடும் என்றார். என் மகன் ஸ்கேலை வைத்துக்கொண்டு மறுநாள் நோட்டில் இதைப் போட்டுப் பார்த்தான், நான் சொல்லவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஒரு டிப்பர் லாரியை நிறுத்தி, ஒவ்வொருத்தராக டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தார்கள். இடது முன்சக்கரத்தை ஒட்டி ஒரு பைக் நிற்கிறது, மேலேயிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. எம்-சாண்ட் லாரிகள் வரிசை கட்டிக் கேரளாவுக்கு ஏறுகிற ஊரில் இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது.

பெற்றோருக்கும் அரை மணி நேரம் உண்டு, அதில் மாட்டிக்கொண்டது நான். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோடு குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் ஓட்டலாமே என்று ஒருத்தர் கேட்டார். அது 50 சிசிக்குள் உள்ள கியர் இல்லாத வண்டிக்கு, நம் வீட்டில் நிற்பது 110, 125. பால் வாங்கிவர நானே சாவியைக் கொடுத்து அனுப்பியவன், தலையைக் குனிந்துகொண்டேன். இப்போது சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, மகன் சைக்கிளில் போகிறான், முகம் இன்னும் உர்ரென்றுதான்.

ஒன்று விட்டுப்போனது. 2023 ஜூனிலிருந்து கேரளாவில் ஏஐ கேமரா அபராதம் போடுகிறதே, பையன்கள் "கேமரா இருக்கிற இடத்தில் மட்டும் ஸ்லோ பண்ணினால் போதும்" என்று அண்ணாச்சி முன்னாலேயே பேசினார்கள், அதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லாமல் சாப்பாட்டுக்குக் கிளப்பிவிட்டார். பசி போல.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வீடியோவைத் தூக்கிவிட்டு அண்ணாச்சியிடமே இரண்டு நாளையும் விட்டால் நாலரை. அனுப்புகிறவர்கள் ஒன்பது மணிக்கு அனுப்பினால் போதும், பழைய செருப்பு போட்டு அனுப்புங்கள்.