பிஎச்பி அரேயும் என் கணக்கு நோட்டும்

பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதத் தொடங்கி 12 ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாம் மாதத்திலிருந்தே மேசை இழுப்பறையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் அரே எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும்போதெல்லாம் அதில் நான்கு வரி எழுதுவேன்: என்ன கொடுத்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, எந்தப் பதிப்பில் ஓட்டினேன். நான்காவது வரியை முதல் சில ஆண்டுகள் எழுதாமலே விட்டிருந்தேன். அதன் வினை பிறகு வந்தது.

முதல் பதிவு, அரேயின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றும் ஃபோர்ஈச் பற்றியது. அரேயில் 1, 2, 3. ரெஃபரன்ஸாக, அதாவது நகலாக இல்லாமல் உறுப்பையே சுட்டும்படி, எடுத்து ஒரு சுற்று, பிறகு அதே மாறிப் பெயரில் சாதாரணமாக இன்னொரு சுற்று. உள்ளே எதையும் மாற்றவில்லை. முடிவில் இருந்தது 1, 2, 2. மொழியிலேயே பிழை என்று குதித்தேன். கையேட்டைப் புரட்டினால் எச்சரிக்கை அங்கேயே இருக்கிறது: சுற்று முடிந்த பிறகும் அந்த மாறி கடைசி உறுப்பை விடுவதில்லை, அன்செட் செய்து அதை நீக்கிவிட வேண்டும். இரண்டாம் சுற்று ஒவ்வொரு மதிப்பையும் அந்தக் கடைசி இடத்திலேயே எழுதிக்கொண்டு போக, தன் முறை வரும்போது அங்கே 2 உட்கார்ந்திருக்கிறது. நோட்டில் 'பிழை' என்பதை அடித்துவிட்டு 'படிக்கவில்லை' என்று திருத்தினேன். பாதிப் பதிவுகளின் கதி இதுதான்.

என் தூக்கத்தைக் கெடுத்தது வாடிக்கையாளர் எண்கள். இரண்டு கிளைகளின் பட்டியலை அரே_மெர்ஜ் கொண்டு சேர்த்தேன். உறுப்பைத் தேடி எடுக்கும் சாவி வாடிக்கையாளர் எண், அதன் மதிப்பு பெயர். சேர்த்ததும் பெயர்கள் பத்திரமாக இருந்தன. எண்கள் போய், 0, 1, 2 என்று வரிசை எண் வந்திருந்தது. "4021" என்று மேற்கோளுக்குள் கொடுத்தாலும் பிஎச்பி அந்தச் சாவியை முழு எண்ணாக்கிவிடும். முழு எண் சாவிகளை அரே_மெர்ஜ் புதிதாக எண்ணிவிடும். "04021" என்றிருந்தால் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) நின்று தப்பியிருக்கும். என் சோதனைத் தரவில் எண்களுக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்ததால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. கூட்டல் குறியால் சேர்த்திருந்தால் சாவிகள் நிலைத்திருக்கும். ஒரே சாவி இரண்டு பக்கமும் இருந்தால் இடப்பக்கத்து மதிப்பு நிற்கும்.

வேண்டாத உறுப்புகளை வடிகட்டும் அரே_ஃபில்டர் இதற்கு நேரெதிர்: நடுவில் ஓர் உறுப்பு போனாலும் மற்ற சாவிகளை அப்படியே வைத்துக்கொள்ளும். அதை, செயலிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவமாக்கினால், பட்டியலைக் குறிக்கும் சதுர அடைப்புக்குப் பதில் சுருள் அடைப்பு வரும், எதிர்முனையில் உள்ள கைபேசிச் செயலி திணறும். கடைசி உறுப்பு மட்டும் போனால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்தப் பிழை சில நாள் தலைகாட்டும், சில நாள் ஒளிந்துகொள்ளும். சாவிகளை 0 முதல் மறுபடி எண்ணிடும் அரே_வேல்யூஸை ஒரு முறை அழைத்தால் சரியாகிவிடும். வரிசையாக இருக்கிறதா என்று கேட்க அரே_இஸ்_லிஸ்ட் பிஎச்பி 8.1-இல்தான் வந்தது, அதுவும் 2021-இல்.

இந்தச் சாவிச் சிக்கல்கள் இரண்டுக்கும் வேர் ஒன்றே. வரிசைப் பட்டியலையும் சாவி-மதிப்பு அகராதியையும் மற்ற பல மொழிகள் தனித்தனியாக வைக்க, பிஎச்பி ஒரே அரேயில் அடக்கியிருக்கிறது. அவசரத்துக்கு இது எவ்வளவு சுகம் என்பதையும் சொல்லவேண்டும்; இல்லாவிட்டால் 12 ஆண்டு இருந்திருக்க மாட்டேன்.

நான்காவது வரிக்கு வருகிறேன். 2020-இல் வந்த 8.0, எண்ணையும் சரத்தையும் ஒப்பிடும் விதியை மாற்றியது. அதற்கு முன் 0 மட்டுமே உள்ள அரேயில் "அஆ" இருக்கிறதா என்று இன்_அரேயைக் கேட்டால் ஆம் என்று சொல்லும். இப்போது இல்லை என்கிறது. சமமான உறுப்புகளின் முன்பின் வரிசையை வரிசையாக்கம் குலைக்காது என்ற உறுதியும் அந்தப் பதிப்பில்தான் கிடைத்தது. 8.3-இல் இன்னொன்று: வெற்று அரேயில் முதல் சாவி -5 என்றால் அடுத்தது -4, முன்பு 0. பதிப்பு எழுதாத என் பழைய பக்கங்களில் எவை இன்றும் செல்லும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். மூன்று உறுப்பு அரேயில் கடைசியை அன்செட் செய்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் சாவி 2 வராமல் 3 வருகிறதாம். அரே_பாப் கொண்டு எடுத்தால் 2 வருகிறதாம். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "எந்தப் பதிப்பு அண்ணா?" என்றார்.