ஹெட்டை இழைத்த பிறகு: திருகாணியா, தகடா, புது புஷ்ராடா?

கெந்திங் ஏற்றத்தில் சூடேறி, சிலிண்டர்களை மூடும் ஹெட் கோணிப்போன அப்பாவின் மோரிஸ் மைனர், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பட்டறையில் நிற்கிறது. 1098 சிசி எஞ்சின். ஹெட்டின் அடிமுகத்தை 1 மில்லிமீட்டர் இழைத்தாயிற்று. கீழே சுழலும் கேம் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ள, அது ஹெட்டின் மேல் உள்ள ராக்கர் என்ற நெம்புகோலை அசைத்து வால்வைத் திறக்கும். கேம் இருந்த இடத்திலேயே இருக்க, ராக்கர்களைத் தாங்கும் தண்டு அந்த அளவு கீழே வந்துவிட்டது. பழைய எட்டு புஷ்ராட்களும் இப்போது தேவைக்கு மேல் நீளம்.

ராக்கரின் புஷ்ராட் பக்க நுனியில் உள்ள திருகாணியை மேலேற்றி, ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவிலான இடைவெளியை 0.30 மில்லிமீட்டருக்கு வைத்துவிடலாம். காசு செலவில்லை. ஒரே ஒருமுறை இழைத்த ஹெட் என்றால் நானும் இதைத்தான் செய்வேன். ஆனால் இந்த ஹெட்டை முன்பே யாரோ இழைத்திருக்கிறார்கள். திருகாணியின் குண்டுமுனை ராக்கரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். புஷ்ராட் கிண்ணத்தின் விளிம்பு உரசி, ராக்கரின் அடியில் நகக்கண் அளவுக்குப் பளபளப்பான பிறை விழுந்திருந்தது. இப்படியே ஓட்டக் கூடாது.

"தம்பி, ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் தகடு வைத்தால் வேலை முடிந்தது" என்றார் பட்டறை அண்ணன். அனுபவசாலிதான், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை. ஹெட்டை இழைக்கும்போது ராக்கர் தண்டும் வால்வு நுனியும் சேர்ந்தே இறங்குகின்றன. அவற்றுக்கு இடையிலான உயரம் மாறுவதே இல்லை. தகடுதான் அதைக் கெடுக்கிறது. ராக்கர் உரசும் தடத்தைப் பார்க்க வால்வு நுனியில் நீல மை தடவிச் சுற்றினோம். தகடு இல்லாமல் நடுவில் மெல்லிய கோடு. 1 மில்லிமீட்டர் தகட்டோடு அகன்ற தடம், அதுவும் ஓரம் சாய்ந்து. அந்தப் பக்கவாட்டுத் தள்ளல், வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடைத் தின்றுவிடும். வால்வு இருக்கையை ஆழமாக வெட்டி, வால்வு நுனி மேலெழுந்திருந்தால் தகடு சரியான மருந்து. இங்கே நோய் வேறு.

பழைய செவர்லே வி8 ஆட்கள் புஷ்ராட் நீளத்தை மாற்றியே இந்தத் தடத்தை நகர்த்துவார்கள். ஒவ்வொரு ராக்கரும் தனி ஸ்டட்டில் நிற்கும் எஞ்சின் அது. ஒரே தண்டில் ராக்கர்கள் வரிசையாக நிற்கும் மைனருக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

ஆகவே, சரியான நீளத்தில் புது புஷ்ராட் என்பதே என் முடிவு. செலவு இதில்தான் அதிகம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சோதனை புஷ்ராடை வைத்து, திருகாணி நடுவில் நிற்கும்படி அளந்து, வெர்னியரில் படித்து, அந்த அளவுக்கு எட்டையும் செய்யச் சொல்ல வேண்டும். இழைத்த 1 மில்லிமீட்டரை மனக்கணக்கில் கழித்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். கேமை அரைத்திருந்தால் அதன் அடிவட்டம், அதாவது மேடு இல்லாத வட்டப் பகுதி, சிறுத்திருக்கும். அரை மில்லிமீட்டர் அங்கே போயிருந்தால் கழிக்க வேண்டியது மீதி அரைதான். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தடித்தால் கழிக்க வேண்டியது இன்னும் குறையும். போடப்போகும் கேம், போடப்போகும் கேஸ்கெட், ஹெட்டின் முழு இறுக்கம் என எல்லாம் அமைந்த பிறகே அளக்க வேண்டும்.

முதல் சிலிண்டரோடு நிறுத்தாமல் நான்காவதிலும் அளந்து பாருங்கள். ஹெட்டைச் சாய்வாக இழைத்திருந்தால் அங்கேதான் தெரியும்.