டேஞ்சர் அசெஸ்மென்ட் கேள்வித்தாள்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

டெக்ஸாஸில் ஒரு பெண்கள் உதவி அமைப்பில் தமிழில் வரும் அழைப்புகளை எடுக்கிறேன். கணவனிடமோ காதலனிடமோ அடி வாங்கும் பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க நாங்கள் கையில் எடுப்பது டேஞ்சர் அசெஸ்மென்ட் என்ற இந்தத் தாள்தான். இதே வேலைக்கு வர நினைக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். என் மதிப்பெண் 5க்கு 4.

1985இல் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆய்வாளர் உருவாக்கியது இது. மொத்தம் 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பதில். தாள் இலவசம், ஆனால் மதிப்பெண் போடத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும், அதைத் தவிர்க்காதீர்கள். 8க்குக் கீழே, 8 முதல் 13, 14 முதல் 17, 18உம் அதற்கு மேலும் என்று நான்கு நிலைகள். 18ஐத் தொட்டாலே மிகக் கடுமையான ஆபத்து.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு நாள்காட்டி வரும். கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த நாளில் அடித்தான் என்று அந்தப் பெண்ணே குறிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண். அறைவதும் தள்ளுவதும் 1, ஆயுதத்தால் தாக்கினால் 5. இந்தத் தாளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். "எப்பவாவதுதான் அடிப்பார்" என்று ஆரம்பித்தவர்கள், தீபாவளிக்கு முந்தின நாள், பையன் பிறந்தநாள், அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரம் என்று குறித்துக்கொண்டே போய், கடைசி மூன்று மாதத்தில் கட்டங்கள் நெருக்கமாக நிரம்புவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நாம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று கவனியுங்கள். ஆயுதத்தைக் காட்டி மிரட்டினாலே அந்த நாளுக்கு 4. உடம்பில் ஒரு கீறல்கூட விழுந்திருக்க வேண்டியதில்லை. இது ரொம்பச் சரி என்பேன். அமெரிக்காவில் சுமார் 45 லட்சம் பெண்களைத் துணைவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியிருக்கிறான் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சூசன் சோரன்சன் கணக்கிட்டிருக்கிறார். இவர்களில் பெரும்பாலோர் மேல் குண்டு பாய்ந்ததில்லை, அதனால் மருத்துவமனைக் கணக்கில் வரவே மாட்டார்கள். துப்பாக்கி வெடிக்காமலே ஒரு பெண்ணை வீட்டுக்குள் வாய் மூட வைத்துவிடும்.

சரி, ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன்? அவனுக்குச் சொந்தமாகத் துப்பாக்கி இருக்கிறதா என்று ஒரு கேள்வி. மதிப்பெண்ணில் மற்ற பல கேள்விகளைவிட இதற்கு எடை அதிகம், காரணமும் இருக்கிறது: கேம்ப்பெல் குழு 11 நகரங்களில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டினால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு ஆவதாகத் தெரிந்தது. இவ்வளவு முக்கியமான கேள்வியைச் 'சொந்தமாக' என்ற ஒரு சொல் சொதப்பிவிடுகிறது. ஒரு பெண்ணிடம் கேட்டேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "அய்யோ, நம்ம ஆளுங்ககிட்ட அதெல்லாம் ஏதுக்கா" என்றார். இல்லை என்று குறித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து வேறு ஏதோ சொல்லும்போது, "கார்ல சண்டை வந்தா டேஷ்போர்டைத் திறந்து வச்சுக்கிட்டே ஓட்டுவாரு" என்றார். உள்ளே என்னம்மா இருக்கு என்றால், நண்பருடைய துப்பாக்கியாம். அவர் பொய் சொல்லவில்லை, தாளில் இருந்ததற்குத்தான் பதில் சொன்னார். அன்றைக்கு அவர் டேஷ்போர்டைப் பற்றிப் பேசாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

2005இல் மேரிலாந்தில் தொடங்கி, போலீஸார் சம்பவ இடத்திலேயே கேட்கும் 11 கேள்விகள் கொண்ட ஒரு சிறிய தாள் இருக்கிறது. அதில் "துப்பாக்கி இருக்கிறதா, அல்லது சுலபமாகக் கிடைக்குமா" என்று கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அதுதான் மேல். நான் இப்போது அந்த வார்த்தைகளில் கேட்டுவிட்டு, வீட்டில், காரில், நண்பர் வீட்டில் என்று இடம் இடமாகவும் கேட்கிறேன்.

'நம்ம ஆளுங்ககிட்ட துப்பாக்கி இருக்காது' என்ற நம்பிக்கை வேறு. எச்-1பி விசாவில் இருக்கும்வரை பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியைக் கொண்டுபோகலாம்.

அப்புறம், இந்தத் தாள் ஆபத்தைச் சொல்லும், துப்பாக்கியை எடுத்துப் போகாது. அதற்கு நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை வேண்டும். தன் மேல் அப்படி ஆணை இருப்பவரிடம் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கிளம்பியதே எங்கள் டெக்ஸாஸில்தான். போலீஸ் சோதனை போட்டபோது, ஆணை போடப்பட்டிருந்த அந்த ரஹிமியின் வீட்டில் துப்பாக்கிகளும் இருந்தன, அந்த ஆணையின் நகலும் இருந்தது. துப்பாக்கியை யார் போய் வாங்குவது, எங்கே ஒப்படைப்பது என்பது இங்கே கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது. ஆணைக்கு விண்ணப்பிக்கும்போதே வக்கீலிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

புலம்பெயர்ந்த பெண்களுக்கென்று இதே தாளின் இன்னொரு வடிவமும் உண்டு. குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறானா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். விசாவில் இருப்பவர்களுக்கு நான் அதையே எடுக்கிறேன்.

நீங்களே இந்த நிலையில் இருந்தால் தாளை வீட்டில் வைக்காதீர்கள், அவர் எடுத்துப் பார்க்கும் போனில் திறக்காதீர்கள். பிரிந்து போகும் சமயத்தில் ஆபத்து கூடும் என்பதும் மேலே சொன்ன கேம்ப்பெல் ஆய்வில் வந்ததுதான், அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு முறை 1-800-799-7233 என்ற தேசிய எண்ணில் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

தன்னார்வலர்களுக்கு என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். நாள்காட்டியை அச்செடுத்ததும் பொங்கல், தமிழ் வருடப் பிறப்பு, ஆடி, தீபாவளி, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் எதிரே உட்கார்கிறேன். தேதி மறந்தவர்களுக்கும் அந்த நாட்கள் ஞாபகம் இருக்கின்றன.