இலவச நூலகமா, காசு கட்டுற ஸ்டடி ஹாலா?

ரெண்டுலயும் உக்காந்து படிக்கலாம், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லங்க. ஸ்டடி ஹால்ல உங்களுக்குன்னு ஒரு சீட்டு, வைஃபை, சார்ஜிங் பாயிண்ட், ராத்திரி லேட்டா வரைக்கும் திறந்திருக்கும், பரீட்சை நெருங்குற நேரத்துல அந்த அமைதி பெரிய விஷயம்தான். ஆனா புக்கெல்லாம் நீங்கதான் கொண்டு போகணும், மாசம் பணம் கட்டலன்னா சீட்டு போச்சு.

நூலகத்துல சீட்டு கேரண்டி இல்ல, சீக்கிரம் மூடிடலாம், சின்னப் பசங்க சத்தமும் இருக்கும். ஆனா பரீட்சைக்குப் படிக்க வந்த பொண்ணு பக்கத்து ரேக்ல இருக்குற வானியல் புக்க சும்மா எடுத்துப் புரட்டுறது அங்கதான் நடக்கும், எந்த புக்ல தேடணும்னு கேக்க லைப்ரரியன் இருக்காங்க, பெரிய பசங்க சின்னவங்களுக்கு கதை வாசிச்சுக் காட்டும்போது அவங்களுக்கே வாசிப்பு கூடுது. யுனெஸ்கோவும், உலக நூலகச் சங்கங்களோட கூட்டமைப்பான இஃப்லாவும் சேர்ந்து 1994ல வெளியிட்ட பொது நூலக அறிக்கையிலயே சேவை இலவசமா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க, 2022ல புதுப்பிச்சப்பவும் அத விடல. ஃபீஸ்னு ஒண்ணு வச்சாலே முதல்ல வராம போறது வீட்டுல படிக்க இடமே இல்லாத பிள்ளைங்கதான், எனக்கு இதுதான் முக்கியம்.

கடைசி ரெண்டு மாசம் போட்டித் தேர்வுக்கு முட்டி மோதுறவங்க ஹாலுக்குப் போங்க. பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு யோசிக்கவே வேணாம், நூலகம்தான், லேட் ஃபைன் உண்டான்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.