மார்த்தாண்டத்தில் ‘இலவச கேம்’ ஏற்றிக்கொள்கிறவர்கள் கவனத்துக்கு

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிள்ளைகள் கேட்கும் விளையாட்டைக் கைபேசிக் கடைகளில் ஏற்றிக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அக்காவின் கைபேசியில் உடைந்த திரையை மாற்ற மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். கூட வந்த அக்கா மகனுக்கு ஒரு கார் பந்தய விளையாட்டு வேண்டும். பிளே ஸ்டோரில் அது இலவசம்தான். ஆனால் நல்ல வண்டிகளுக்குக் காசு கட்ட வேண்டும். “அது எதற்குத் தம்பி? எல்லா வண்டியும் திறந்தே கிடக்கிற கேம் என்னிடம் இருக்கிறது” என்று கடைக்காரர் பென் டிரைவிலிருந்து ஏற்றினார். கூலி ஐம்பது ரூபாய். தீங்கான செயலியாக இருக்கலாம் என்று கைபேசியே எச்சரித்தது. “எல்லாவற்றுக்கும் இப்படித்தான் காட்டும்” என்று சொல்லிக்கொண்டே அதைத் தள்ளிவிட்டார். அடுத்தடுத்துக் கேட்ட அனுமதிகளையும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவரே தட்டிக் கொடுத்தார்.

அத்தான் ரப்பர் ஷீட் விற்று அக்கா கணக்கில் போட்டிருந்த பணத்தில் 18,000 ரூபாய் இரவோடு இரவாகப் போய்விட்டது. ஓடிபி வந்த சுவடே இல்லை. அதோடு விடவில்லை. சித்திக்கும், கருங்கலில் உள்ள மகளிர் குழுப் பெண்களுக்கும் அதே விளையாட்டின் இணைப்பு அக்கா பெயரிலேயே போயிருந்தது.

கைபேசியின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போய் அந்தச் செயலியின் அனுமதிகளைப் பார்த்தேன். எஸ்எம்எஸ், தொடர்புகள், அணுகல்தன்மை மூன்றும் திறந்திருந்தன. அணுகல்தன்மை என்பது பார்வையற்றவர்களும் கைபேசியைப் பயன்படுத்துவதற்காக வைத்த வசதி. அது கிடைத்த செயலியால் திரையில் தெரிவதைப் படிக்கவும் முடியும், நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் முடியும். எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்துவிட்டால் ஓடிபியை எடுத்துக்கொண்டு குறுஞ்செய்தியை மறைத்துவிடலாம். கார் ஓட்டுகிற விளையாட்டுக்கு இவை எதற்கு? நீக்கப் போனால் பொத்தானைத் தொடுவதற்குள் திரை முகப்புக்கு ஓடிவிடுகிறது. நாம் ஏற்றிய செயலிகள் இயங்காத பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோட்) கைபேசியைத் தொடங்கிய பிறகுதான் நீக்க முடிந்தது. பிறகு முழுவதையும் அழித்துப் புதிதாக அமைத்து, கடவுச்சொற்களை வேறொரு கைபேசியிலிருந்து மாற்றினோம்.

கடைக்காரரிடம் கேட்டால், “நான் கேம்தானே ஏற்றினேன், உங்கள் பணத்துக்கு நான் என்ன செய்ய?” என்கிறார். திரை மாற்றியதற்கு ரசீது உண்டு, கேமுக்குக் கிடையாது. விவரமான ஆள்! பூட்டை உடைத்துப் பொதிந்த இந்தக் கோப்புகளை விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் தருவதில்லை. இடையில் யார் எதைச் செருகினார்கள் என்பது அவருக்கே தெரியாது.

இப்படி நடந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு எண்ணிலிருந்து, இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துவிட்டு, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. எங்கள் வங்கியோ, “கேம் ஏற்றியது நீங்கள்தானே” என்று கைவிரித்துவிட்டது. 1930-க்கு அழைத்ததால் ஒரு பகுதிப் பணம் வேறொரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. அதை மீட்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று எங்களிடம் சொன்னார்கள். அக்கா குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறாள்.